துணைக்கால்

ஜனவரி 9, செவ்வாய்

இந்த நாட்குறிப்பைத் தமிழில் எழுதுவதற்கு மொழிப்பற்று காரணமில்லை. ரேமோன் பெரியப்பாவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அவ்வளவுதான். ஒவ்வொரு ஜனவரியிலும் பாரிஸிலிருந்து புதுச்சேரிக்கு வருவார். என் அறையை எடுத்துக்கொள்வார். என் மேசை இழுப்பறையைத் திறந்துவிட்டு, "சும்மா பாத்தேன்மா" என்பார். பார்க்கட்டும்.

அவர் அப்பாவுடைய பெரியப்பா மகன். அறுபத்திரண்டில், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஆறு மாத அவகாசம் தந்தபோது அவருடைய அப்பா எழுதிக் கொடுத்தார். என் தாத்தா கொடுக்கவில்லை. அதனால் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். நாங்கள் அவருக்கு அறை காலி செய்து கொடுப்பவர்கள்.

இந்த வருடம் அவருக்கு ஒரு திட்டம் இருக்கிறது. எங்கள் குடும்பப் பெயர் தாலினில். அதை 'தெ தாலினில்' ஆக்க வேண்டுமாம். பிரெஞ்சுப் பிரபுக்களின் பெயருக்கு முன்னால் 'தெ' வருமே, அந்தத் 'தெ'. அங்கே நீதிமன்றத்தில் மனுப் போடப் போகிறார். அதற்கு முன்னால் புதுச்சேரியில் இருக்கும் நாங்கள் அரசிதழில் பெயரை மாற்றிக்கொண்டால், குடும்பம் முழுக்க இப்படித்தான் வழங்குகிறது என்று அவர் காட்டலாம். அரசிதழுக்கு 1882ஆம் வருடப் பதிவேட்டின் தமிழாக்கம் வேண்டும். அதில்தான் இந்தப் பெயர் முதன்முதலில் வருகிறது. தமிழாக்கத்தில் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வேண்டும். அந்த மொழிபெயர்ப்பாளர் நான். என் முத்திரைக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. இன்னும் ரப்பர் வாசனை போகவில்லை.

பதிலுக்கு, பாரிஸில் நான் வரலாறு படிக்கும் இரண்டு வருடமும் அவர் வீட்டில் தங்கலாம் என்று கடிதம் தருவார். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. தங்குமிடக் கடிதம் இல்லாமல் விசா கிடைக்காது, வாடகைக்கு எங்களிடம் வழியும் இல்லை.

"ஒரு முத்திரை, ஒரு கடிதம். உவாலா, முடிஞ்சுது!" என்று கையைத் தட்டினார்.

சாயங்காலம் புதுக் குடும்ப அட்டை வந்தது. தமிழில் அப்பாவின் பெயர் தப்பாக அச்சாகியிருந்தது: அந்துவான் தள்ளினில். கம்ப்யூட்டர், ஆங்கில எழுத்துகளைத் தானாகவே தமிழாக்கியிருக்கும். நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர், பிழையைக் கண்டால் முகம் சுளிப்பார். ஆனால் இப்படி ஆனதை நான் பார்த்ததில்லை. அட்டையை மேசையில் அறைந்தார். "துணைக்கால் எங்க? த-வுக்குப் பக்கத்துல துணைக்கால் எங்க?" அட்டையை என்னிடம் நீட்டினார். "நாளைக்கே போய் மாத்திட்டு வா, ஒதீல்!"

பெரியப்பா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

ஜனவரி 10, புதன்

அலுவலகத்தில் வரிசை தெரு வரைக்கும். திரும்பிவிட்டேன். கோதுமை அரைத்து வந்தேன். தூறல்.

ஜனவரி 12, வெள்ளி

என்ன நடந்தது என்று ஒழுங்காக எழுத வேண்டும். கை ஓடவில்லை.

வரிசை நகர்ந்து மேசைக்கு வந்தேன். அட்டையை வாங்கிய ஆளுக்கு நாற்பது வயது இருக்கும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எனக்கு முன்னால் நின்ற கிழவருக்குத் தன் பேனாவைக் கொடுத்து, கையெழுத்துப் போடும் இடத்தையும் காட்டினார்.

"பேர்ல இன்னாமா தப்பு? அந்துவான்... தள்ளினில்..." கண்ணாடியை உயர்த்தினார். "தள்ளி நில்? இன்னாமா பேரு இது, தள்ளி நில்லு, ஒக்காருன்னு?"

பக்கத்து மேசைப் பெண்ணிடம் திரும்பினார். "மேடம், இங்க பாருங்களேன். ஒரு வூட்டுக்குப் பேரே தள்ளி நில்லாம்."

அந்த அம்மா சிரித்தார். எனக்குப் பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், "அப்போ வரிசைல நாம முன்னாடி போலாம்பா" என்றார்.

"பிரெஞ்சுப் பேர் சார். தாலினில்."

"அப்போ ஒரு துணைக்கால் போட்டு, 'ள்ளி'ய 'லி' ஆக்கணும். அவ்ளோதானே? இந்த ஃபாரத்த நெரப்பிக் குடு."

நான் நிரப்பவில்லை. படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே துணைக்கால் இல்லாமல் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். சத்தமாக, இரண்டு தடவை.

பிரெஞ்சில் எழுதியிருப்பதை அப்படியே வாசித்தால் முதல் எழுத்து குறில்தான். எட்டு வருடமாகப் பிரெஞ்சு படிக்கிறேன். மற்ற எல்லாச் சொல்லையும் சரியாக உச்சரிக்கிறேன். என் சொந்தப் பெயரை மட்டும் ஏன் நீட்டிச் சொல்கிறேன்?

வீட்டில், கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று பொய் சொன்னேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். அம்மா பானையை இறக்கியதும் பெரியப்பா தன் வரைபடத்தைத் தரையில் விரித்தார். பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் இருபத்தேழு பேர், ரெயூனியன் தீவில் ஐந்து, சைகோனுக்கு வேலைக்குப் போனவர்கள் வழியில் இரண்டு, புதுச்சேரியில் ஒன்பது. ஒவ்வொரு ஊரிலும் சிவப்புக் குண்டூசி.

"ஒலகம் முழுக்க நாப்பத்து மூணே பேர். செலின், நீ கல்யாணம் பண்ணி வந்தியே, எப்பேர்ப்பட்ட பேர்னு தெரியுமா உனக்கு?"

"ரேஷன் கடைல மூணு தடவ சொன்னாத்தான் புரியுது, அதான் தெரியும்" என்றார் அம்மா.

பெரியப்பாவின் கதைப்படி, பிரான்சின் மேற்குக் கடற்கரையிலிருந்து தெ தாலினில் என்ற கப்பல் தலைவன் வந்தான், இங்கே ஒரு பெண்ணை மணந்தான், நாங்கள் முளைத்தோம். நான் போன வருடமே தேடிவிட்டேன். பிரான்சின் எந்தப் பதிவிலும், எந்த ஊரிலும், 1882க்கு முன் இந்தப் பெயரில் ஒருவர் இல்லை. அந்தக் கப்பல் தலைவனுக்கு அப்பா இல்லை, அண்ணன் இல்லை, கல்லறை இல்லை. உலகத்தில் தாலினில்கள் எல்லோரும் ஒரே ஒரு மனிதனிடமிருந்து வருகிறார்கள். அவன் பெயர் சவேரிமுத்து. அவன் எந்தக் கப்பலிலிருந்தும் இறங்கவில்லை.

இதை நான் சொல்லவில்லை. பொங்கலில் முந்திரி அதிகம் என்று மட்டும் சொன்னேன். எனக்கு அந்தக் கடிதம் வேண்டும்.

ஜனவரி 18, வியாழன்

பதிவேட்டுப் பக்கத்தின் நகல் இணையத்தில் கிடைத்தது. இரண்டு மணிநேரம் எழுத்துக்கூட்டினேன்.

அன்றைக்குப் பதினான்கு பேர் வந்திருக்கிறார்கள். 1881 ஆணைக்குப் பிறகு, தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பதாக எழுதிக் கொடுக்க வந்தவர்கள். ரெனோன்சான் என்று இங்கே சொல்வார்களே, அவர்கள். துறக்கிறவர் தனக்கும் தன் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெள்ளைக்கார எழுத்தர் கேட்பார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்வார்.

ஆறாவது ஆள் எங்கள் ஆள். சவேரிமுத்து, வயது முப்பத்து நான்கு, செங்கல் சூளை வேலை, பறையர். கடைசிச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. பதிவேடு எழுதியிருக்கிறது, நானும் எழுதுகிறேன். 'மேற்படியார் தாலினில் என்னும் பெயரைத் தேர்ந்தெடுத்ததாக மொழிபெயர்ப்பாளர் மூலம் அறிவித்தார்.'

தேர்ந்தெடுத்தாராம்!

அப்போதும் நான் நம்பாமல் இருக்க முயன்றேன். தற்செயலாக இருக்கலாம் என்று. பிறகு ஒன்பதாவது ஆளைப் பார்த்தேன். அவரும் சூளை வேலை. அவர் 'தேர்ந்தெடுத்த' குடும்பப் பெயர் சிக்கிராம். பிரெஞ்சுக்காரன் வாசித்தால் அது வெறும் ஓசை. தமிழ் வாயால் வாசித்தால் 'சீக்கிரம்'.

அந்த மேசை எனக்குத் தெரிகிறது. ஒரு மனிதன் சாதியை விட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடுக்க வருகிறான். கிட்டே வருகிறான். எழுத்தர் பெயர் கேட்கிறார். கேள்வியைத் தமிழில் சொல்ல வேண்டியவன், ஆள் நெருங்கி வந்துவிட்டான் என்று, "தள்ளி நில்" என்கிறான். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதிக்கொள்கிறார். மொழிபெயர்ப்பாளன் அதைத் திருத்தவில்லை. ஒன்பதாவது ஆளிடமும் திருத்தவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருக்கும். கூடவே 'டா'வும் போட்டிருப்பான், எழுத்தர் அதை விட்டுவிட்டார். என்ன கருணை!

பக்கத்தின் அடியில் சவேரிமுத்துவின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிலுவைக் குறி. அதற்கு எதிரே, சாதிப் பட்டத்தோடும் சுழிகளோடும், பெரிதாக, மொழிபெயர்ப்பாளனின் கையெழுத்து.

நூற்று நாற்பத்திரண்டு வருடம். ஞானஸ்நானம், கல்யாணம், கல்லறை, கல்லூரிச் சான்றிதழ். ஒவ்வொரு முறை எங்களைக் கூப்பிடும்போதும் அவன்தான் கூப்பிட்டிருக்கிறான். என் முத்திரையிலும் அவன்தான் இருக்கிறான்.

ஜனவரி 19, வெள்ளி

போர்வைகளை ஊறவைத்துத் துவைத்தேன். நான்கு.

ஜனவரி 21, ஞாயிறு

பூசையில் பிரசங்கம் காதில் விழவில்லை. வேறொன்று ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

ஒன்றாம் வகுப்பு. புதுநோட்டுக்கு அட்டை போட்டு, லேபிளில் நானே பெயர் எழுதினேன். ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். அறைந்தார். என்னை அவர் அடித்தது அந்த ஒரு தடவைதான். லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்து, புதிதாக ஒன்று ஒட்டி, என் கையைப் பிடித்து எழுதவைத்தார். 'த' போட்டதும் நிறுத்தி, "இப்ப துணைக்கால்" என்றார். அழுதுகொண்டே போட்டேன். மூக்குச் சளி லேபிளில் விழுந்தது.

மெய்ப்புத் திருத்துகிறவர், எழுத்துப் பிழை பொறுக்காதவர் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

மதியம் அவர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, நம்ம பேர்ல எதுக்குத் துணைக்கால்?"

"பிரெஞ்சுல அப்படித்தான்."

"பிரெஞ்சுல அப்படி இல்லப்பா."

"எனக்குப் பிரெஞ்சு தெரியாது" என்றார். குழாயைத் திருப்பிக்கொண்டு வேலிப்பக்கம் போய்விட்டார்.

உண்மைதான். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. தமிழ்தான் தெரியும்.

இதற்கு மேல் இன்று எழுதப்போவதில்லை.

ஜனவரி 24, புதன்

பெரியப்பா தமிழாக்கம் எங்கே என்றார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறாராம். மனுவில் அப்போதே கையெழுத்து வாங்கிவிட வேண்டுமாம்.

"பெரியப்பா, அந்தப் பக்கத்தைப் படிச்சிட்டேன். அது கப்பல் தலைவன் பேர் இல்ல."

"நீ பேரை மட்டும் எழுதும்மா. ஒன்னக் கதை கேக்கல."

"அந்தப் பேரைத் தமிழ்ல சொன்னா என்ன வரும்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் மூடியிருந்த கதவைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். என் கட்டிலில், என் தலையணையை ஓரமாக நகர்த்திவிட்டு.

"எழுபத்தொண்ணுல தூலோன்ல இருந்தேன். காலைல வரிசைல நிக்கவச்சுப் பேர் கூப்பிடுவாங்க. காரைக்கால் பையன் ஒருத்தன், என் பக்கத்துலதான் நிப்பான். சார்ஜெண்ட் என் பேரைக் கூப்பிடுவான், இவன் ஒரு அடி தள்ளி நிப்பான். தெனமும். வெள்ளக்காரனுங்களுக்கு ஒண்ணும் புரியாது. அவனுக்கும் எனக்கும் மட்டும் புரியும். நாலு மாசம். ஒரு நாள் அவன் பல்லை ஒடச்சேன், எட்டு நாள் உள்ள போட்டாங்க."

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியாம? எங்கப்பாவுக்கும் தெரியும். ஒங்கப்பன் கிட்ட கேளு. 'தா'ன்னு இழுத்துச் சொல்லணும்னு ஆரம்பிச்சதே ஒங்க தாத்தாதான். அதையே இன்னும் கொஞ்சம் இழுக்கலாம்னு பாக்கறேன். முன்னாடி ஒரு 'தெ' போட்டா அப்புறம் எவனுக்கும் காது கேக்காது." எழுந்தார். "ஞாயித்துக்கெழம முத்திரையோட வேணும். கடிதத்துல நான் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன்."

காட்டினார். போட்டுத்தான் வைத்திருக்கிறார்.

அவர் மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது. உடனே போய்விட்டது. இந்த வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருக்கிறது. எங்களுக்கு மட்டும் துணைக்கால் போடக் கற்றுக்கொடுத்தார்கள், எதற்கென்று சொல்லாமல். அம்மா முப்பது வருடமாக இந்தப் பெயரை ரேஷன் கடையில் மூன்று முறை திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒன்றாம் வகுப்பில் நான் கன்னத்தில் வாங்கிய அறை, யாரோ ஒருவன் 1882இல் சொன்ன சொல்லுக்கு. அந்த அறை அந்த ஆளுக்குப் போயிருக்க வேண்டியது.

ஜனவரி 27, சனி

தமிழாக்கம் முடிந்தது. இரண்டு முறை எழுதினேன்.

முதல் பிரதியில் தாலினில் என்று எழுதினேன். வேலை முடிந்தது, பாரிஸ் போகலாம். சொற்களில் பிழையே இல்லை. கிழித்தேன்.

ஒரு மேசை, ஒரு பெயர், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். அந்த இடத்தில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டதை ஒருவன் சொல்லாமல் விட்டதால் வந்த வினை இது. தெரிந்ததை நானும் சொல்லாமல் விட வேண்டும் என்கிறார்கள்.

முத்திரை குத்தினேன். மை இரண்டு இடத்தில் பரவிவிட்டது.

அம்மா கோழி ஊறவைத்திருக்கிறார். வெங்காயம் இரண்டு கிலோ உரித்தேன். கண் எரிந்ததற்கு நல்ல சாக்கு.

ஜனவரி 28, ஞாயிறு

புதுச்சேரித் தாலினில்கள் ஒன்பது பேரும் வந்திருந்தோம். சாப்பாடு முடிந்து பெரியப்பா மனுவை எடுத்தார். பேனாவைத் திறந்து அப்பாவிடம் நீட்டினார். "மொதல்ல தமிழாக்கத்தப் படிம்மா. எல்லாரும் கேக்கட்டும்." என் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. கடிதம் அவர் சட்டைப்பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எழுந்து படித்தேன். தேதி, எண், பெயர், வயது, சூளை வேலை. சாதியையும் படித்தேன். யாரோ தம்ளரைக் கீழே வைத்தார்கள். பிறகு: "மேற்படியார் 'தள்ளி நில்' என்னும் பெயரைத் தேர்ந்தெடுத்ததாக மொழிபெயர்ப்பாளர் மூலம் அறிவித்தார்."

அம்மாதான் முதலில். அவர் உதடு மட்டும் அசைந்தது, சொல்லிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "ஏங்க, இதுவா?"

"குடு அத" என்று பெரியப்பா கை நீட்டினார். "கிழிச்சுப் போடு அந்துவான். இவளுக்குப் படிப்பு அதிகமாயிடுச்சு. கூட்டத்துல நம்ம வேட்டியை உருவறா."

"உருவினது நான் இல்ல பெரியப்பா. அவன் பேரும் கீழேயே இருக்கு. முழுசா, பட்டத்தோட. படிக்கட்டுமா?"

"வாய மூடு!"

"அவன் பேர் பட்டத்தோட இருக்கலாம். நம்ம பேர் மட்டும் பொய் சொல்லணுமா?"

"அப்போ பாரிஸுக்கு நீந்தியே போ" என்று கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். என் இலையில் போட்டார். ரசத்தில் ஊறியது. அம்மா அழத் தொடங்கினார்.

அப்பா என் கையிலிருந்து தாளை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அச்சகத்தில் உட்கார்வதுபோல, முழங்கையை ஊன்றி முதல் வரியிலிருந்து படித்தார். நிதானமாக, விரலை வைத்து. பெயர் இருந்த வரியில் விரல் நின்றது.

"இதுல ஒரு பிழை இருக்கு" என்றார்.

துணைக்கால் போடப் போகிறார் என்று நினைத்தேன். போட்டால் அந்தப் பேனாவைப் பிடுங்கியிருப்பேன், அப்பா என்றும் பார்த்திருக்க மாட்டேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து தன் சிவப்புப் பேனாவை எடுத்தார். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் அதை வைத்திருக்கிறார். 'தள்ளி'க்கும் 'நில்'லுக்கும் இடையே இருந்த இடைவெளியின் மேலும் கீழும் ஒரு சிறிய வளைவு போட்டார். சேர்த்து அச்சிடு என்பதற்கான குறி.

"பிரிச்சு எழுதினா அது அவன் போட்ட கட்டளை" என்றார் தாளைப் பார்த்தபடியே. "பேர்னா சேர்த்துதான் எழுதணும்."

பிறகு பெரியப்பாவின் பேனாவை மூடி அவரிடமே கொடுத்தார். மற்ற யாரும் பேனா கேட்கவில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

பெரியப்பா போய்விட்டார். வரைபடத்தை எடுத்துப் போனார், குண்டூசிகளை விட்டுவிட்டார். அவர் பக்கத்து முப்பத்து நான்கு பேருக்கும் சொல்லி 'தெ' போட வைப்பாராம். நாங்கள் ஒன்பது பேர் இல்லாமலே மனுப் போடுவாராம். போடட்டும்.

பல்கலைக்கழகத்துக்கு, வர இயலவில்லை என்று எழுதினேன். நான்கு வரிதான், மதியம் வரை ஆனது. அடுத்த வருடம் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். கிடைக்காமலும் போகலாம்.

அப்பா வந்து கதவருகே நின்றார். "ஒன்னாங் கிளாஸ்ல ஒன்ன அடிச்சேன்" என்றார். "ஞாபகம் இருக்கு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. பரவாயில்லை என்று ஆகும்போது சொல்வேன்.

பிப்ரவரி 5, திங்கள்

படிவத்தை நிரப்பிக்கொண்டு போனேன். அதே மேசை, அதே ஆள். அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது.

"வாம்மா. துணைக்கால்தானே?"

"துணைக்கால் வேண்டாம். நாலாவது எழுத்துதான் தப்பு. 'னி' போட்டிருக்கீங்க. 'நி' வரணும். சேர்த்து ஒரே சொல்லா."

அவர் படிவத்தைப் படித்தார். உதடு அசைந்தது. இந்தத் தடவை பக்கத்து மேசைக்குத் திரும்பவில்லை.

"இது... நெஜமாவே இப்படித்தானா?"

"அப்படித்தான். சத்தமா படிச்சுப் பாருங்க."

படிக்கவில்லை. தட்டச்சு செய்தார். ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாக. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"பிரிண்ட் வர அஞ்சு நிமிஷம் ஆவும்" என்றார். "அடுத்த ஆள் வரணும், கொஞ்சம் தள்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். காது மடல் சிவந்தது. "அந்தாண்ட பெஞ்ச் இருக்குது, குந்தும்மா."

"பரவால்ல" என்றேன்.

இரண்டு கைகளையும் அவர் மேசைமேல் வைத்துக்கொண்டு, அச்சு வரும்வரை அங்கேயே நின்றேன்.